கல்லைவிட்டு நகராத வேன்

வானத்தில் பறக்கிற மூன்று செயற்கைக்கோள்கள் ஒன்றுசேர்ந்து ஒரு வேன் ஓட்டுநரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டன. ஒன்று சொல்லியிருந்தால் தட்டிக் கழித்திருக்கலாம். மூன்றும் ஒரே குரலில் சொன்னால் என்ன செய்வது? அதுவும் இராணுவத்துச் செயற்கைக்கோள்கள். ஆனால் பொய்யர் என்று பேர் வாங்கியவர் யார் என்று தெரிந்தால், அந்த மூன்றையும் கீழே இறக்கி வரிசையாக நிற்கவைத்து நாலு கேள்வி கேட்கத் தோன்றும்.

அலுவலகத்தில் அவரை எல்லோரும் நங்கூரம் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருஷ சர்வீஸ். போட்ட இடத்தில் கிடப்பார் என்பதால் வைத்த பேர். அடிமேல் அடி அடித்தால் அம்மியாவது நகரும், இந்த மனுஷன் நகரமாட்டார் என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. நகராமல் இருப்பதற்குத்தான் சம்பளமே, அப்புறம் கோபம் எதற்கு?

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒரு கதவு டமாரென்று சாத்திக்கொண்டால், மூன்று அறைகளில் இருக்கிற மூன்று பேர் காதிலும் அது ஒரே நேரத்தில் விழாது. பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் கேட்கும், தள்ளி இருப்பவருக்குத் துளி தாமதமாகக் கேட்கும். அந்தத் துளியைச் சரியாக அளக்கத் தெரிந்தால் சாத்தியது எந்தக் கதவு என்று சொல்லிவிடலாம். மேலே சேர்ந்து பறக்கிற அந்த மூன்றும் செய்தது இதைத்தான். நடுக்கடலில் ஒரு கப்பல் தன் ரேடாரைப் போட்டால் போதும். அந்த ரேடியோ அலை மூன்றுக்கும் எந்தெந்த நொடியில் வந்து சேர்ந்தது என்று பார்த்து, கப்பல் நிற்கிற இடத்தைக் கணக்கில் பிடித்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு போகிற கப்பல் தப்பிக்கும். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்ளும்.

சரி, மேலே இருப்பவை சரியாகத்தான் சொல்கின்றனவா என்று யார் பார்ப்பது? அதற்குத்தான் நங்கூரம். சர்வேக்காரர்கள் அளந்து நட்ட ஒரு கல், அதன் தலையில் பெருக்கல் குறி. அதன்மேல் வேனை நிறுத்தி, செயற்கைக்கோள்கள் தலைக்குமேல் கடந்துபோகிற பத்துப் பன்னிரண்டு நிமிஷமும் அவர் ரேடியோ அலை அனுப்ப வேண்டும். நான் இங்கே நிற்கிறேன், நீ என்னை எங்கே என்கிறாய் என்று கேட்கிற மாதிரி. கல் இருக்கிற இடத்தையும் அவை சொல்கிற இடத்தையும் ஒப்பிட்டுத்தான் மேலே இருப்பவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள்.

அந்தக் கல்மேல் நிற்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வேனின் பின்னால் இருக்கிற ஆன்டெனாக் கம்பத்தின் அடியில், கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். யாரும் கட்டச் சொல்லவில்லை. குண்டின் கூர்நுனி பெருக்கல் குறியின் நடுவில் வந்து நிற்கும்வரை வண்டியை முன்னும் பின்னும் எடுப்பார், இறங்கிப் பார்ப்பார், மறுபடி ஏறுவார். செயற்கைக்கோள்களின் கணக்கைப் பார்த்துக்கொள்கிற கணக்கு மேடம் ஒருநாள் சிரித்துவிட்டு, முந்நூறு மீட்டர் பிசகையே நாங்கள் பொருட்படுத்துவதில்லை, நீங்கள் ஒரு விரல் அகலத்துக்கு ஏன் இந்தப் பாடு படுகிறீர்கள், அதுக்குத் தெரியவா போகிறது என்று கேட்டாராம்.

“அதுக்குத் தெரியாது மேடம். எனக்குத் தெரியுமே.”

இப்படிப்பட்ட ஆளைத்தான் பொய்யர் என்றார்கள்.

அந்த வருஷம் பழைய மூன்றுக்கு வயதாகிப் புதிய மூன்றை மேலே அனுப்பியிருந்தார்கள். பழையவற்றைச் சோதிக்க அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஒரே ஒரு கல்தான். புதியவை நிலத்தில் இருக்கிற ரேடார்களையும் தேட வேண்டியவை என்பதால், உள்ளே தள்ளி அணைக்கட்டு ஓரத்தில் ஒன்று, இன்னும் உள்ளே மலைத்தலையில் ஒன்று என்று இரண்டு கல் புதிதாக நட்டார்கள். கடற்கரைக் கல்லில் நங்கூரம் நின்றபோது புதிய மூன்றும் அவரைக் கச்சிதமாகப் பிடித்தன. அணைக்கட்டில் கொஞ்சம் தள்ளிச் சொல்லின, பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவது வாரம் மலைக்கல்.

அந்த மலையின் மேற்கு அடிவாரத்து ஊரில்தான் அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். மாப்பிள்ளை வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டிருந்ததால் நங்கூரத்தின் மனைவி பத்து நாள் முன்னாடியே போய் மகளோடு இருந்தாள். மலைக்கல்லுக்கு வண்டி போகவேண்டிய அதே நாள் விடியற்காலை மகளுக்கு வலி எடுத்தது. மலைக்குப் போகிற வழிதானே என்று காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தினார். வாசலில் இருந்த காவலாளி வண்டி எண்ணையும் நேரத்தையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். சாயங்காலம் ஆகிவிடும், இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, இன்னிக்கு ஒரு நாள் போகாதீங்களேன்.”

“பன்னெண்டு நிமிஷ வேலைம்மா. முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்.”

போனார். கொண்டைஊசி வளைவுகளை ஏறி மலைத்தலைக்குப் போய், நாலாவது முயற்சியில் குண்டைக் குறியின்மேல் நிறுத்தினார். பத்து முப்பத்தெட்டுக்குச் செயற்கைக்கோள்கள் கிழக்கு வானத்தில் ஏறின. பொத்தானை அழுத்தினார். கீழே மேற்கில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரை சிவப்பாகத் தெரிந்தது. பன்னிரண்டு நிமிஷமும் ஒரு கை கருவியிலும் ஒரு கண் அந்தக் கூரையிலுமாக நின்றார். கால் பரபரத்தது. ஆனாலும் நகரவில்லை. பத்து நாற்பத்து நாலுக்கு அந்தக் கூரைக்கடியில் அவருக்குப் பேத்தி பிறந்தாள்.

கைப்பேசியெல்லாம் வராத காலம் அது. கீழே இறங்கி வந்துதான் அவருக்குச் சேதி தெரியும். மகள் பயந்து அலறியிருக்கிறாள், நடுவில் சிக்கலாகிப் பத்து நிமிஷம் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்திருக்கிறது, அப்பா அப்பா என்று அரற்றியிருக்கிறாள். அவர் உள்ளே நுழைந்ததும் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தையை வாங்கிப் பார்க்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. யாரைச் சொல்லி என்ன, அவள் கோபம் நியாயம்தான்.

இரண்டாம் நாள் அலுவலகத்தில் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். மேஜையில் வரைபடம். அதில் மலைக்கல் ஒரு பச்சைப் புள்ளி. இரண்டு கிலோமீட்டர் மேற்கே தள்ளி, ஆஸ்பத்திரியின் பின்தெருவில் ஒரு சிவப்புப் புள்ளி. உங்கள் மகள் எந்த ஆஸ்பத்திரி என்று தலைவர் கேட்டார். அவர் சொன்னார். தலைவர் பென்சிலால் சிவப்புப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

“வண்டி அங்க இருந்திருக்கு.”

“சார், நான் கல்லு மேலதான் நின்னேன்.”

“மூணும் ஒரே இடத்தைச் சொல்லுதேப்பா.”

“அப்ப மூணும் சேர்ந்து தப்பா சொல்லுது சார்.”

தலைவர் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. பெற்ற மகள் துடித்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தகப்பன்தான் மலையேறி நிற்பான், உண்மையைச் சொல்லிவிட்டால் பெரிதாக்கமாட்டேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அதுதான் இவருக்கு இன்னும் எரிந்தது. மலையேறி நின்றதற்கு மகளிடம் முகம் கொடுக்க முடியவில்லை. நிற்கவே இல்லை என்கிறார் தலைவர். இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளத்தின் கதிதான் அவருக்கு.

கிலோமீட்டர் மீட்டரைப் பாருங்கள் என்றார். மேலே ஏறிவிட்டு நேரத்துக்குக் கீழே இறங்கியிருக்கலாமே என்றார்கள். ஆஸ்பத்திரியில் விசாரித்ததில் காவலாளியின் நோட்டு வேறு எதிராகச் சாட்சி சொன்னது. எட்டு மணிக்கு வண்டி வந்ததை எழுதிய புண்ணியவான், போன நேரத்தை எழுதவில்லை. கடற்கரையில் இரண்டு வாரம் முன்னால்தான் அதே மூன்றும் அவரை அச்சுப் பிசகாமல் பிடித்திருந்தன. கருவி சரி என்றால் ஆள்தானே தப்பு? ஏழு நாளில் எழுத்தில் விளக்கம் கொடு என்று கடிதம் கொடுத்தார்கள். வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கரும்புள்ளி கிடையாது அந்த மனுஷனுக்கு. விளக்கத்தை ஏற்காவிட்டால் வேலையிலிருந்து எடுப்பார்கள். வேலை போனால் போகட்டும், கல்லைவிட்டு ஓடிப்போனவன் என்று எழுதி வைப்பார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வெற்றுக் கையோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

மனைவிக்குச் சேதி போனது. அவள் மகளிடம் சொன்னாள். மறுநாள் மகள் ஒரு தாள் கேட்டு வாங்கிப் படுக்கையில் சாய்ந்தபடியே எழுதி, அப்பாவின் அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னாள். நாலே வரி. என் குழந்தை பிறந்த நேரத்தில் என் அப்பா இங்கே இல்லை. நான் எத்தனை முறை கூப்பிட்டும் இல்லை. அதற்காக அவரோடு நான் இன்றுவரை பேசவில்லை. அவர் வந்திருந்தார் என்று நீங்கள் நிரூபித்தால் எனக்குத்தான் முதல் சந்தோஷம்.

அப்பாவுக்காக மகள் எழுதுவது சாட்சியாகாது என்று தலைவர் அதைக் கோப்பில் சேர்த்துவிட்டார். சட்டப்படி சரிதான். ஆனால் கணக்கு மேடம் அந்த நாலு வரியை இரண்டு தடவை படித்தார். அப்பாவைக் காப்பாற்றப் பொய் எழுதுகிறவள் இவ்வளவு கோபமாக எழுதமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். மேலே இருக்கிற மூன்றுக்கும் காது மட்டும்தான் உண்டு. அதனால் தீர விசாரிக்க அவரே கிளம்பினார். தலைவரிடம் சண்டை போட்டுச் சாவியை ஒரு நாளைக்கு வாங்கி, நங்கூரத்தை ஓட்டச் சொல்லி, தான் முன்சீட்டில் உட்கார்ந்து மலைக்குப் போனார்.

அன்று செயற்கைக்கோள்கள் பிற்பகலில், மேற்கு வானத்தில் கடந்தன. மேடம் கண்முன்னால் குண்டு குறியின்மேல் நின்றது. மேடமே பொத்தானை அழுத்தினார். நங்கூரம் இறங்கி, கல்லுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் முடிவு வந்தது. மூன்றும் ஒரே குரலில், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், கணக்கு மேடம் நேற்று மலைக்கல்லிலிருந்து இரண்டு கிலோமீட்டர் கிழக்கே, வண்டித்தடமே இல்லாத பாறைக்காட்டில் இருந்ததாகச் சொல்லின. மேடம் தாளைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார், முள்ளும் சேறும் ஒட்டியிருக்கிறதா என்பதுபோல.

அப்போதுதான் நங்கூரம் தன் பழைய லாக்புத்தகத்தை மேஜையில் வைத்தார். தேதி, கல், நேரம், குண்டு நின்ற விதம், எல்லாம் குண்டுகுண்டான எழுத்தில். பக்கத்தில் மேடத்தின் ஆட்கள் அவ்வப்போது சொன்ன பிசகையும் எழுதி வைத்திருந்தார். சாவி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவர் பார்த்ததெல்லாம் அதைத்தான்.

“மேடம், எனக்குக் கணக்குத் தெரியாது. கடற்கரையில நான் யோக்கியன். அணைக்கட்டுல கொஞ்சம் பொய்யன். மலையில முழுப் பொய்யன். மேல ஏற ஏறத்தான் என்னைத் தள்ளி வைக்குது. அது என்னை எவ்வளவு உயரத்துல தேடுது?”

மேடம் நேரே தன் அறைக்குப் போனார். கல்லின் விவரத்தை ஏற்றுகிற படிவத்தை எடுத்தார். சர்வேக்காரர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று எண் கொடுத்திருந்தார்கள். கிழக்கு மேற்கில் எங்கே, வடக்கு தெற்கில் எங்கே, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம். படிவத்தில் இருந்ததோ இரண்டே கட்டம். பழைய மூன்றுக்காக எழுதிய கணக்கை அப்படியே புதியவற்றுக்கும் மாற்றியிருந்தார்கள். பழையவை வாழ்நாளெல்லாம் கப்பலை மட்டுமே தேடியவை. கப்பல் எங்கே மலையேறும்? அதனால் எல்லாமே கடல்மட்டத்தில்தான் இருக்கும் என்று கணக்கு தானாகவே வைத்துக்கொண்டது. மூன்றாவது எண்ணைக் கேட்க ஆளே இல்லை.

மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிற காக்கையை, அது தரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எதிர்மாடி மேலிருந்து சாய்வாகப் பார்த்தால், சுவரைத் தாண்டித் தள்ளித்தான் இருப்பதாகத் தோன்றும். கிழக்கிலிருந்து பார்த்தால் மேற்கே, மேற்கிலிருந்து பார்த்தால் கிழக்கே. ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர் உயரத்துக் கல்லில் நின்ற மனுஷனைக் கடல்மட்டத்தில் தேடி, அவருடைய மகளின் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

மேடம் உயரத்தைச் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டார். அணைக்கட்டில் புள்ளி வந்து கல்லில் உட்கார்ந்தது. மலையிலும் உட்கார்ந்தது. பேத்தி பிறந்த நாளின் கணக்கைத் திரும்ப ஓட்டினால், சிவப்புப் புள்ளி பச்சைப் புள்ளியின்மேல், இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல்கூட நுழையாதபடி நின்றது.

தலைவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். விஷயம் ஒரு ஓட்டுநரோடு முடிவதில்லை என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு ஏதோ ஒரு மலையில் இருக்கிற எதிரி ரேடாரைத் தேடினால், இந்தக் கணக்கு அடிவாரத்தில் தூங்குகிற ஒரு தெருவைக் கைகாட்டியிருக்கும். அதை நம்பி யாராவது குண்டு போட்டிருந்தால்? அவர் எழுந்து நின்று சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“நீங்க ஒரு தடவை ஆமாம்னு சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பேன். இந்தத் தப்பு அப்படியே இருந்திருக்கும்.”

“கப்பல்னு நெனச்சிருக்கு சார் என்னை. நங்கூரம்னு பேர் வெச்சா இப்படித்தான்” என்றார் இவர். அறையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருவர் கைதட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று செயற்கைக்கோள்களையும் எதிர்த்து நின்று ஜெயித்த ஒரே ஓட்டுநர் என்று கேன்டீனில் அன்றைக்கு அதே பேச்சு. அவருக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்துதான் போனது, அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. கடிதத்தை ரத்து செய்து கோப்பில் எழுதினார்கள். வேண்டியது என்ன என்று கேட்டபோது, அந்தக் கணக்குத் தாளின் பிரதி ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தாளை விரித்து மகள் முன்னால் வைத்தார். மகள் பார்த்தாள். மலைமேல் ஒரு புள்ளி. நேரம் பத்து நாற்பத்து நாலு.

“நீங்க வரலைங்கறதுக்கு மூணு சாட்சி வேற கொண்டு வந்திருக்கீங்க” என்றாள். பன்னிரண்டு நாளில் அவள் அவரோடு பேசிய முதல் பேச்சு அது.

“வரலைதாம்மா. உன் கோபம் சரிதான். அங்கேருந்து ஆஸ்பத்திரிக் கூரை தெரியும். பன்னெண்டு நிமிஷமும் அதைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

மகள் தாளையே பார்த்தாள். விரலால் புள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்த தூரத்தைத் தடவினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கப்பா எங்கேயும் நகரமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா, நகர்ந்திருந்தாத்தான் ஆச்சரியம் என்று அம்மாவிடம் சொன்னாள். குழந்தையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அடுத்து மலைக்கல்லுக்கு என்றைக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றார். எத்தனை மணிக்கு என்றாள். அதையும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மூன்றாவது முயற்சியிலேயே குண்டைக் குறியில் நிறுத்தினார். செயற்கைக்கோள்கள் கிழக்கில் ஏறின. பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போல மேற்கே பார்த்தார். ஊரின் கூரைகளுக்கு நடுவில் ஏதோ பளிச்சென்று அடித்து அணைந்தது. மறுபடி பளிச். மகள் மொட்டைமாடியில் நின்று, முகம் பார்க்கிற கண்ணாடியைக் காலை வெயிலில் பிடித்து, மலையைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் யார் இருந்தது என்று இவ்வளவு தூரத்தில் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்தது. பன்னிரண்டு நிமிஷமும் அந்த வெளிச்சம் நிற்கவில்லை. கண் நிறைந்து வழிய, கல்லைவிட்டு அரையடி நகராமல் அவரும் நின்றார்.

எல்லாம் முடிந்ததும் லாக்புத்தகத்தை எடுத்தார். தேதி, கல், நேரம், குண்டு நின்ற விதம் எல்லாம் எழுதிவிட்டு, இருபத்தாறு வருஷமாக அவர் ஒன்றுமே எழுதாத குறிப்பு என்கிற கட்டத்தில், ‘மேற்கே இரண்டு கிலோமீட்டரில் வெளிச்சம். அனுப்பியது என் பேத்தி. இடம் சரியாகத் தெரிந்தது’ என்று எழுதினார். வார முடிவில் தலைவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.